பார்த்துச் சொல்கிறேன் என்ற வஸ்ஃபி

வஸ்ஃபி எனக்கு ஒன்பது லட்சம் லிரா கடன் பட்டிருந்தார். கேமராவின் தலையில் மாட்டுகிற ஒரு வ்யூஃபைண்டரின் விலை அது. கடன் என்று நான்தான் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "வாங்கினாத்தானே உஸ்தா கடன்? நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பார். பத்து வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் பெயர் ரெம்ஸி; கைவேலை தெரிந்தவனை இங்கே உஸ்தா என்பார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். திவ்ரிகியிலிருந்து இஸ்தான்புல் வந்த புதிதில், ஸிர்கெஜி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கேமராக் கட்டடத்தில் மற்றவர்களின் பெட்டிகளைச் சுமந்து படியேறினேன். இன்று அதே படி முடிகிற இடத்தில், வெளிச்சம் விழுகிற பக்கத்தில், இரண்டு ஷட்டர் வைத்த கடை என்னுடையது. எந்தக் கேமராவையும் என் காதருகே ஒருதரம் தட்டினால் போதும், அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படித்த இன்ஜினீயர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் வியாபாரத்தில் இரண்டு சட்டம். என் வாயிலிருந்து விலை ஒரு தடவைதான் வரும், அப்புறம் ஏறாது, இறங்காது. இன்னொன்று, காலையில் முதல் போணியை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. வருவது எத்தனை சில்லறையானாலும் தாடியில் தடவிப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். இந்த இரண்டும் கட்டடம் முழுக்கத் தெரியும். வஸ்ஃபிக்கும் தெரியும்.

வஸ்ஃபிக்குக் கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கிற வேலை. ஒட்டடைக்கம்பு மாதிரி ஆள், தேநீர்க் கிளாஸின் அடிப்பாகம் போல மூக்குக்கண்ணாடி. கல்யாணங்கள் நடுச்சாமம் வரை நடப்பதால் மத்தியானத்துக்கு முன்னால் அவர் படுக்கையை விட்டு எழுந்ததைப் பார்த்தவர் கிடையாது. மற்றபடி நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார்.

உஸ்குதாரில் அவர் தெருமுனைத் தர்பூசணிக்காரன் அவரைக் கண்டாலே தார்ப்பாயை இழுத்து மூடுவான். வஸ்ஃபி ஒவ்வொரு பழமாகத் தட்டுவார், காது வைத்துக் கேட்பார், முதலில் தட்டியதிடம் திரும்பி வருவார். அதற்குள் அதை வேறொருவர் வாங்கிப்போய், அறுத்து, தின்று, தோலையும் வெளியே போட்டிருப்பார். வீடு பார்க்கப் போனவர் பார்த்துக்கொண்டே இருந்ததில், தற்காலிகமாகத் தங்கிய மாமனார் வீட்டு மாடியே நிரந்தரமாகிவிட்டது. அவர் மனைவி ஷுகூஃபேயை அவர் தேர்ந்தெடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த அம்மாள்தான் ஒருநாள் பொறுமை போய், தானே மோதிரத்தை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு, "இப்பவாச்சும் எங்கப்பாவைப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஏனய்யா இப்படி என்று ஒருநாள் கேட்டேன். வஸ்ஃபி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியம் போலச் சொன்னார்:

"நான் தேர்ந்தெடுத்தது எதுவும் என்கிட்ட தங்குறதில்ல உஸ்தா. ஆசைப்பட்டு ஒரு ஸ்டூடியோ எடுத்தேன், ரோட்டை அகலப்படுத்துறோம்னு இடிச்சுட்டாங்க. மூணு கடை ஏறி ஒரு ஷூ தேர்ந்தெடுத்தேன், அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசல் வாசல்ல காணாமப் போச்சு. நான் தேர்ந்தெடுக்காத ஷுகூஃபே இருக்கா பாருங்க, கல்லு மாதிரி இருக்கா."

"இதை ஷுகூஃபே தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"ஐயோ, வேண்டாம் உஸ்தா."

இப்படிப்பட்டவர் ஒரு வ்யூஃபைண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு எப்படி வந்தார் என்று சொல்கிறேன்.

வஸ்ஃபியிடம் இருந்தது பழைய ரஷ்யக் கேமரா. மண்டபமோ தீப்பெட்டி. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் எல்லோரும் படத்துக்குள் வர மாட்டார்கள். அப்படி ஒரு கல்யாணத்தில் நகை குத்துகிற நேரம். எங்கள் மொய் அப்படித்தான், மணமக்கள் உடம்பிலேயே தங்கத்தையும் நோட்டையும் குத்திவிடுவோம், ஒருத்தன் மைக்கில் பேரைச் சொல்வான், ஃபோட்டோதான் சாட்சி. குத்தியதைப் பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் திருப்பிக் குத்த வேண்டுமல்லவா? ஜெர்மனியிலிருந்து வந்த அத்தை கெட்டித் தங்க வளையல் போட்டாள். படம் வந்தபோது வளையல் இருந்தது, அதைப் போடுகிற கை முழங்கை வரை இருந்தது, அத்தை இல்லை. அந்தக் கைக்கு மூன்று அத்தைகள் உரிமை கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகு வஸ்ஃபி என்னிடம் அகலமாகப் பார்க்கிற லென்ஸ் ஒன்றை வாங்கினார். வாங்கினார் என்றால், ஷுகூஃபே காசு கொடுத்து அனுப்பி, நான் கையில் திணித்தது. அப்போதே சொன்னேன், "லென்ஸ் அகலமாப் பாக்கும், ஆனா கேமராவோட ஜன்னல் பழைய மாதிரி ஒடுக்கமாத்தான் காட்டும். தலை மேல தனியா ஒரு வ்யூஃபைண்டர் மாட்டணும், இல்லைன்னா நீ பாக்காததெல்லாம் படத்துல வந்து உக்காரும்." பார்த்துச் சொல்றேன் என்று போய்விட்டார்.

வந்து உட்கார்ந்தது. அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஹாஜியார், மண்டபத்துக்குள் ஒரு சொட்டு மது கூடாது என்று சொல்லி வைத்திருந்தவர். குடும்பப் படத்தின் ஓரத்தில், வஸ்ஃபி ஜன்னலில் பார்க்காத ஓரத்தில், பெண்ணின் தாய்மாமன் மேஜைக்கடியில் குனிந்து தேநீர்க் கிளாஸில் ரகி ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டிலின் பெயர் கூடப் படிக்கிற மாதிரி அத்தனை துல்லியம். லென்ஸ் நான் கொடுத்ததல்லவா.

மண்டபக்காரி முஸெய்யன் ஹானும் (எங்கள் ஊரில் ஹானும் என்றால் அம்மா, பே என்றால் ஐயா) வஸ்ஃபியைக் கூப்பிட்டு விட்டாள்.

"வஸ்ஃபி பே, உள்ள இருக்க வேண்டிய ஆளை வெளிய விடுறீங்க. வெளிய இருக்க வேண்டிய ஆளை உள்ள கொண்டாறீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு. அதுலயும் இப்படின்னா, திங்கக்கிழமை வேற ஆள் வருவான். தப்பா நினைக்காதீங்க."

வஸ்ஃபிக்கு வேறு மண்டபம் இல்லை. அந்த வாரமே என் கடைக்கு வந்தார்.

நான் பச்சைத் துணியை விரித்து, அந்த லென்ஸுக்கு ஒத்து வருகிற நாலு வ்யூஃபைண்டரை வரிசையாக வைத்தேன். இந்த ஊரில் நாலு வகையும் ஒரே மேஜையில் வைக்கக்கூடிய கடை என்னுடையது ஒன்றுதான், கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் கடைக் கராபெத், லென்ஸில் பூஞ்சை துடைக்கிறவன், வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

முதலாவது சுழல்கிறது. ரிவால்வர் மாதிரி ஒரு வட்டத்தில் ஐந்து கண்ணாடி, எந்த லென்ஸோ அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

"துப்பாக்கியோட கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு உஸ்தா. பொண்ணோட முக்காடு இதுல மாட்டிக்கிட்டா?"

"மாட்டினா நீயே கட்டிக்க வேண்டியதுதான்" என்றான் கராபெத்.

இரண்டாவது பழைய ஜெர்மன்காரன். அழகு. ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் தெரியும். வஸ்ஃபி கராபெத்தை எதிரே நிற்க வைத்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் வா. இன்னும் வா. ஏய், எங்க போற?"

"நீதானய்யா இடதுன்னே!"

"அந்த இடது இல்ல, இந்த இடது."

கராபெத் படியில் இறங்கிப் பாதி கட்டடத்தைக் கடந்துவிட்டான். தாய்மாமன்களை இப்படி நகர்த்தினால் கடலில் போய் விழுவார்கள்.

மூன்றாவது வெறும் கம்பிச் சட்டம், கண்ணாடியே கிடையாது, மலிவு. வஸ்ஃபி கண்ணருகே கொண்டு போனார், மூக்குக்கண்ணாடியில் டிங் என்று இடித்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துவிட்டுப் பார்த்தார். "இப்ப சட்டம் தெரியுது, கராபெத் தெரியல."

"அது ஒண்ணும் நஷ்டமில்ல" என்றேன். "மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டே பாருய்யா. மண்டபத்துல போட்டுக்கிட்டுத்தானே எடுக்கப்போற?"

நாலாவதை நான் கடைசியில்தான் எடுத்தேன். சின்னது, கட்டைவிரல் அளவு, ஜப்பானில் செய்தது. பின்பக்கத் துவாரம் பெரிதாக இருப்பதால் மூக்குக்கண்ணாடியோடும் ஓரம் வரை தெரியும். உள்ளே பார்த்தால் வெளிச்சக் கோடுகளால் ஒரு சட்டம் காற்றில் மிதக்கும். கோட்டுக்கு உள்ளே இருப்பது படத்தில் விழும். கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும், யார் நுழையப் பார்க்கிறான் என்று முன்கூட்டியே பிடித்துவிடலாம். மேலே சின்னதாய் இன்னொரு கோடு, கிட்டே நின்று எடுத்தால் தலை வெட்டுப்படாமல் இருக்க.

வஸ்ஃபி பார்த்தார். கராபெத் பக்கம் திருப்பினார். படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். என் பக்கம் திருப்பினார்.

"உஸ்தா, உங்க ரெண்டு காதும் தெரியுது."

"விலை ஒம்பது லட்சம்" என்றேன்.

அவ்வளவுதான், சட்டென்று கீழே வைத்துவிட்டு மறுபடி அந்தச் சுழல்கிறதைக் கையில் எடுத்தார். பிடித்துப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் பயம்.

தினமும் வந்தார். தினமும் நாலையும் பார்த்தார். கடைசியில் ஜப்பான்காரனைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டுவிட்டு, பார்த்துச் சொல்றேன் என்று போவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் கல்யாணம். என் கடை வாசலில் ஒருத்தன் பிழைப்பு போகிறதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பழைய வியாபார வார்த்தை ஒன்றை எடுத்துவிட்டேன்.

"வஸ்ஃபி, நீ வாங்கவே வேண்டாம். முஹைய்யராக் கொண்டு போ."

முஹைய்யர் என்றால் பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் பண்டம். 'எடுத்துக்கிட்டேன்' என்று வாயால் சொல்லும்வரை பொருள் கடைக்காரனுடையது, விலை மட்டும் சொன்னபடி நிற்கும். எங்கள் தாத்தன்மார் காலத்து நாணயம். இரண்டு நாளுக்குக் கொடுப்போம், மிஞ்சினால் ஒரு வாரம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் வஸ்ஃபியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெயிலிலிருந்து விட்ட மாதிரி.

"அப்ப நான் தேர்ந்தெடுத்ததாகாது?"

"ஆகாது."

"உங்க பொருள்தான்?"

"என் பொருள்தான். கொண்டு போய்யா."

செவ்வாய்க்கிழமை படங்களோடு வந்தார். எல்லா அத்தைகளுக்கும் முகம் இருந்தது. எல்லாக் கைகளுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பையன் மூக்கில் விரல் விட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறான், வஸ்ஃபி பார்த்து ஒரு அடி தள்ளி நின்று எடுத்திருக்கிறார். முஸெய்யன் ஹானும் அடுத்த மூன்று கல்யாணத்துக்கும் சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டுப் பாதாம் மிட்டாய், வலைத்துணியில் ரிப்பன் கட்டியது, ஒரு பொட்டலம் எனக்கு.

"சரி, எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"இன்னொரு கல்யாணம் பாத்துச் சொல்றேன் உஸ்தா. இது பகல் கல்யாணம். ராத்திரி வெளிச்சத்துல எப்படின்னு பாக்கணும்."

ராத்திரிக் கல்யாணம் பார்த்தார். பிறகு குளிர்காலம் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றார். சுன்னத்துக் கல்யாணம் ஒன்று பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பொட்டலம் பாதாம் மிட்டாய் வந்தது. என் கடைவாய்ப் பல் இரண்டு போனது அந்த வ்யூஃபைண்டரால்தான் என்று நான் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

லிரா தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. பக்கத்தில் எல்லோரும் கடனை டாலரில் எழுதினார்கள். கராபெத் என்னைச் சீண்டுவான்: "ரெம்ஸி, ஒம்பது லட்சத்துக்கு இன்னிக்கு ஒரு செருப்பு வராது. விலையை மாத்திச் சொல்லேன்." நான் மாற்றிச் சொல்வேனா? சொன்னது சொன்னதுதான். திருப்பிக் கேட்டேனா என்றால், அதுவும் இல்லை. ரெம்ஸி உஸ்தா ஒருத்தன் பின்னால் வ்யூஃபைண்டருக்காக அலைகிறான் என்று பேர் வர வேண்டுமா?

ஒருதரம் ஷுகூஃபே எகிப்தியச் சந்தையில் எதிரே வந்தார். வயிற்றெரிச்சலைக் கொட்டினேன்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் இத்தனை வருஷமா என் பொருளை முஹைய்யரா வச்சிருக்கான். இது நியாயமா?"

"நீங்க ஒரு கண்ணாடியைத்தான் கொடுத்தீங்கண்ணே" என்றார் அவர், கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு. "நான் அந்த ஆளையே முஹைய்யராத்தான் எடுத்தேன். ரெண்டு புள்ளை பொறந்தாச்சு. இன்னும் முடிவு சொல்லல."

சிரித்து முடிக்க எனக்குப் பாலம் தாண்டும் வரை ஆனது.

அப்புறம் ஒரு ஜனவரியில் அரசாங்கம் லிராவிலிருந்து ஆறு சைபரை அடித்துவிட்டது. புது நோட்டு, புதுச் சில்லறை. கட்டடத்தில் பாதிப் பேர் கணக்குத் தெரியாமல் தலையைச் சொறிந்தார்கள். நான் மனதிலேயே அடித்துக் கொடுத்தேன், கராபெத்துக்கும் சேர்த்து. அதே வாரத்தில் காதிகோயிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். பழைய கேமராக்களை அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர். அவருக்கு வேண்டியது கட்டைவிரல் அளவு ஜப்பான்காரன், வெளிச்சக் கோடு உள்ளது. ஊர் பூராத் தேடியாயிற்று, எங்கும் இல்லையாம்.

"ஒண்ணு இருக்கு" என்றேன். "வெளியே போயிருக்கு."

"முந்நூறு தரேன். புது லிரா."

முந்நூறு! மண்டபத்துக்கு ஃபோன் போட்டேன்.

"வஸ்ஃபி, இன்னும் எடுத்துக்கலைதானே?"

அந்தப் பக்கம் மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் உஸ்தா."

"பாத்தது போதும். நாளைக்கு மத்தியானம் ஒரு டாக்டர் முந்நூறோட வர்றார். எடுக்காத வரைக்கும் அது என் பொருள், நீயே ஒத்துக்கிட்டது. கொண்டு வந்து கொடு."

"அது இல்லாம நான் ஓரத்தை எப்படி உஸ்தா பாப்பேன்?"

"அப்ப வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு."

"பாத்து..." என்று ஆரம்பித்தவர், ஃபோனை வைத்துவிட்டார். அந்தச் சமயம் அவர் கழுத்தில் டிஜிட்டல் கேமராவும் தொங்க ஆரம்பித்திருந்தது. இரண்டில் எது நல்லது என்று முடிவாகாததால் இரண்டாலும் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் நகை குத்துகிற நேரத்தில் பழையதைத்தான் கையில் எடுப்பார் என்று முஸெய்யன் ஹானும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஷட்டர் கொக்கியோடு படியேறுகிறேன், என் கடை வாசலில் வஸ்ஃபி நிற்கிறார். தேநீர்க்காரன் கூட வராத நேரம். சட்டைப் பொத்தான் ஏறுமாறாக மாட்டியிருந்தது. கராபெத் தன் கடையைத் திறப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"போணி ஆச்சா உஸ்தா?"

"கதவே தொறக்கல, போணி எங்கேர்ந்து?"

"அப்ப நான்தான் முதல் ஆளு." கராபெத் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க."

ஷட்டரைத் தூக்கினேன். அவர் உள்ளே வந்து கேமராவைப் பச்சைத் துணியில் வைத்தார். தலையிலிருந்த வ்யூஃபைண்டரை இழுத்துக் கழற்றினார். ஓரத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை மின்னியது. நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு என்ன விலை சொன்னீங்க?"

"ஒம்பது லட்சம்."

"இப்ப என்ன விலை?"

கராபெத்தின் பல் அத்தனையும் தெரிந்தது. நான் எங்கே மாட்டியிருக்கிறேன் என்று எனக்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என் வாயிலேர்ந்து விலை ஒரு தடவைதான் வரும்" என்றேன். "ஒம்பது லட்சம்."

"ஆறு சைபர் போனா?"

நாலு நாளாகக் கட்டடத்துக்கே கணக்குச் சொன்ன வாய், இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"தொண்ணூறு குருஷ்."

நூறு குருஷ் சேர்ந்தால்தான் ஒரு லிரா. எள் தூவிய ஒரு சிமித் ரொட்டி வாங்கி, ஒரு தேநீர் குடித்தால் தீர்ந்துவிடும்.

வஸ்ஃபி மூச்சை இழுத்துப் பிடித்தார். தண்ணீரில் குதிக்கப் போகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுத்துக்கிட்டேன்."

சொன்னவர் உடனே கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். வ்யூஃபைண்டர் அங்கேயேதான் இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார். ஷுகூஃபே மோதிரம் போட்டுக்கொண்ட நாளில் கூட அந்த முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம் இருந்திருக்காது.

"போயிடலை உஸ்தா."

"போகாது. காசைக் கொடு."

"கராபெத், முந்நூறு லிரா எப்படி இருக்கும்னு உஸ்தாவுக்கு ஞாபகப்படுத்து" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சீண்டியது அதுதான் முதல்முறை.

"பேசாதே. இது முதல் போணி" என்று உள்ளங்கையை விரித்தேன்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டார். புத்தம்புதுச் சில்லறை.

"அம்பது." வைத்தார். "இருபத்தஞ்சு." வைத்தார். "பத்து."

அப்புறம் இந்தப் பையைத் தடவினார், அந்தப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார், ஒரு பாதாம் மிட்டாய்தான் விழுந்தது. ஐந்து குருஷ் குறைந்தது.

"நான் தரட்டுமா?" என்றான் கராபெத்.

"நீ உன் வேலையைப் பாரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"விட்டுடலாமா உஸ்தா?" என்றார் வஸ்ஃபி மெதுவாக.

"விலை தொண்ணூறு. எம்பத்தஞ்சு இல்ல."

அவர் யோசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து, துடைக்கிற துணியை உதறினார். உள்ளிருந்து ஒன்று மேஜையில் விழுந்து சுழன்றது. அது சாயும் வரை பொறுத்திருந்து, எடுத்து, பார்த்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"அஞ்சு."